வாசல் தூணில் ஒரு வாளி

கிரானசே தீவு
செப்டம்பர் 6

அன்புள்ள இஷ்பெல் அக்காவுக்கு,

நான் சுகம். கோழிகளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. மழை வருவதை அது வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது என்று பெருமையடிக்காமல் மருத்துவரிடம் காட்டு. இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நமக்கு ஐந்தே நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட ஒரு வாரமாவது ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடத்திலிருந்து குளிர்காலத்தில் வாரம் ஒரு படகுதான் விடுவோம் என்று படகுக் கம்பெனி சொல்லிவிட்டது. வாரம் ஒரு படகு என்றால் மருந்தும் வராது, ரொட்டியும் வராது, மனிதரும் வரமாட்டார்கள். என் வீட்டுக்காரர் ரோரியின் அடக்கத்தன்று உனக்கு நான் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. குளிர்காலப் படகு நின்றால் வீட்டைப் பூட்டிவிட்டு கிளாஸ்கோவுக்கு உன்னிடம் வந்துவிடுவேன் என்றேன். வாரம் ஒன்று என்பதும் நின்ற மாதிரிதான், வாக்கு வாக்குதான்.

ஆனால் மன்றத்தில் கூடி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். நம்மிடம் விற்பதற்கு மீதமிருப்பது இருட்டு ஒன்றுதான். இரவு வானம் கெடாமல் இருக்கும் ஊர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் சங்கம் ஒன்று இருக்கிறதாம். சான்றிதழ் கிடைத்தால் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் வருவார்கள். அவர்களுக்குக் குளிர்காலம்தான் பிடிக்குமாம், பாவம். ஆள் வந்தால் படகும் வரும் என்று கம்பெனியே சொல்லிவிட்டது. பிப்ரவரியில் சங்கத்து அம்மாள் சோதிக்க வருகிறார். அதற்குள் ஊரில் எந்த வெளி விளக்கும் மேலே பார்க்கக் கூடாது, தேவையில்லாமல் எரியவும் கூடாது. இந்தக் குழுவுக்கு நான்தான் தலைவி. சிரிக்காதே.

ஊரே சம்மதித்துவிட்டது, ஒருத்தனைத் தவிர. பக்கத்து வீட்டு லாக்லன். அவன் இரண்டு வருடத்துக்கு முன் கொட்டகையில் ஒரு விளக்கு மாட்டினானே, அதை அணைக்கமாட்டானாம். துறைமுகத்தில் மாட்டவேண்டிய அளவு பெரிய விளக்கு அது. நண்டுக்கூடை பின்ன வெளிச்சம் வேண்டும் என்கிறான். கூடை பின்னுவது கொட்டகைக்குள், விளக்கோ வெளியே என் வீட்டு ஒற்றையடிப் பாதையைப் பார்த்து நிற்கிறது. ஒரு விளக்கை ஒழுங்காகத் திருப்பி வைக்கத் தெரியாத மனுஷன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
மோர்னா


கிளாஸ்கோ
செப்டம்பர் 15

அன்புத் தங்கை மோர்னாவுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. கோழிகளை விசாரித்ததாகச் சொல்.

நீ தலைவி ஆனதற்குச் சிரிக்கவில்லை. இரண்டாவது முறை படித்தபோதுதான் சிரித்தேன்.

நீ வருவாய் என்றே வைத்துக்கொண்டு பின்னறைக்கு பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். வெளிர் மஞ்சள். நல்ல தடித்த திரையும் வாங்கிவிட்டேன். திரை இல்லாமல் முடியாது. மாநகராட்சிக்காரர்கள் என் ஜன்னலுக்கு நேராக ஒரு வெள்ளை விளக்கை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எதிர் மரத்து ராபின் குருவிக்கு ராத்திரி எது பகல் எது என்று தெரியவில்லை, நடுச்சாமத்தில் பாடுகிறது. எனக்கும் தூக்கம் வருவதில்லை. இருவரும் விழித்திருக்கிறோம். செருப்புக் கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னோடு அதிகம் பேசுவது அந்தக் குருவிதான்.

ஒரு கேள்வி. லாக்லன் அந்த விளக்கை மாட்டியது, நீ கோழிக்கூண்டுக்குப் போகும் வழியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாயே, அதற்கு முன்பா, பின்பா?

அன்புடன்,
இஷ்பெல்


கிரானசே
அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் குருவிக்கும் உனக்கும் நல்ல தூக்கம் வரட்டும். மாநகராட்சிக்கு எழுது, விளக்குக்கு ஒரு மூடி கேள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், அதிகாரிகளும் நகரலாம்.

நாங்கள் மூடிக்குக் காசு செலவழிக்கவில்லை. வீட்டுக்கு வீடு பழைய பிஸ்கட் டின் கேட்டு வாங்கி, அடியை வெட்டி, கறுப்புச் சாயம் பூசி, வாசல் விளக்குகளுக்குத் தொப்பி மாட்டிவிட்டோம். போதகர் வீட்டு டின்னில் மட்டும் உள்பக்கம் வெண்ணெய் பிஸ்கட் வாசம் போகவில்லை. நாய் நாள் முழுக்க விளக்கடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. தொப்பி மாட்டினால் போதும் என்பது சங்கத்து விதி. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாரும் விளக்கையே அணைத்துவிட வேண்டும் என்று நான் ஒரு விதி சேர்த்துவிட்டேன். தலைவி என்றால் ஏதாவது செய்ய வேண்டாமா.

லாக்லனிடம் மூன்றாம் முறை போனேன். வாசலில் நின்றே பேசினோம்.

"லாக்லன், ஊரே அணைச்சாச்சு. உன் ஒத்த விளக்கு மட்டும் கல்யாண வீடு மாதிரி எரியுது."

"என் வீடு, என் லைட்டு, என் கரண்டு பில்லு. வானத்துக்குக் கூசுதுன்னா கண்ண மூடிக்கச் சொல்லு."

"படகு நின்னா என்ன பண்ணுவ?"

"எங்கிட்ட சொந்தப் படகு இருக்கு. நீ என்ன பண்ணுவ?"

"நான் எங்கக்கா கிட்டப் போயிடுவேன்."

அதைக் கேட்டதும் அவன் கதவைச் சாத்திவிட்டான். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், கணக்கு வராவிட்டால் வெளியே போய்விடுவான்.

உடம்பைக் கவனி.

மோர்னா


(அஞ்சலட்டை)
கிளாஸ்கோ
அக்டோபர் 9

மோர்னா, நலம்தானே. பெயிண்ட் அடித்தாகிவிட்டது. மாநகராட்சிக்கு எழுதிவிட்டேன். நான் கேட்டது முன்பா, பின்பா என்று. நீ பிஸ்கட் டின் பற்றி எழுதியிருக்கிறாய்.
இஷ்பெல்


கிரானசே
அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமே வேண்டுகிறேன்.

லாக்லன் விளக்கை அணைத்துவிட்டான்.

உன் அட்டை வந்த அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். மீன் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. உட்கார் என்றான், உட்கார்ந்தேன். ஒன்றே ஒன்று கேட்டேன், அவனும் பதில் சொன்னான். பிறகு எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வந்து, "இனிமே கோழிக்கூண்டுக்குப் போறப்ப கையில டார்ச் எடுத்துக்கிட்டுப் போ. கீழ பாத்துப் பிடி"ன்னான். சூப்பில் உப்பு அதிகம். அதை அவனிடமே சொன்னேன்.

திரும்பி வரும்போது முற்றத்தில் நின்றேன் அக்கா. இரண்டு வருடமாக அந்த வெளிச்சத்தில் காணாமல் போயிருந்த வானம் கோழிக்கூண்டுக் கூரை வரைக்கும் இறங்கி வந்திருந்தது. பால்வீதி இந்தக் குன்றிலிருந்து அந்தக் கடல் வரைக்கும் பரந்து கிடந்தது. ரோரி போன பிறகு நான் நிமிர்ந்து மேலே பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேறு விசேஷம் இல்லை.

மோர்னா


கிரானசே
நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலத்தை எழுது. என் நலத்தைப் பற்றிப் பொய் எழுத மனமில்லை.

ஊர் முழுக்க இருட்டு. குழு நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அந்த நாளிலிருந்து என் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் யாராவது நுழைவார்கள். யாரும் கதவைத் தட்டியதில்லை, நேராக அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். இப்போது நான் கெட்டில் வைத்து, ரொட்டி சுட்டு, அதை மறுநாள் கோழிக்குப் போடுகிறேன். கோழிகள் கொழுத்துவிட்டன.

அவர்கள் விளக்குகளை அணைக்க வைத்தேன் என்ற கோபம் போலிருக்கிறது. முகத்துக்கு நேரே சிரிக்கிறார்கள். தபால் நிலையத்துப் பெய்கியிடம் கேட்டேன். "எனக்கென்ன கோவம்? உனக்குத்தான் ஏதோ கோவம்னு நெனச்சேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெருப்பில்லாமல் புகையுமா?

லாக்லன்கூட வரவில்லை. சூப்பில் உப்பு என்று சொன்னது தப்போ என்னவோ.

படகைக் காப்பாற்றப் போய் ஊரைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மனிதர் வராத வீட்டுக்குப் படகு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. தலைவி பதவியைப் பெய்கியிடம் கொடுத்துவிட்டு புத்தாண்டுக்கு முன் வந்துவிடலாம் என்றிருக்கிறேன். அறையில் பெயிண்ட் வாடை போய்விட்டதா?

மோர்னா


கிளாஸ்கோ
நவம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். பெயிண்ட் வாடை போய்விட்டது. அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலோரம் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.

ஆனால் அடியே, நீ விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்தவள். இல்லை, விளக்கை அணைத்துவிட்டு விழுந்திருக்கிறாய். கொஞ்சம் யோசி. நம் வீட்டு வாசல் விளக்கு எப்போது அணைந்திருக்கும்? அப்பா சனிக்கிழமை குளிக்கும்போது. யாருக்காவது அம்மை போட்டிருந்தபோது. அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சு இல்லாத அந்த ஒரு மாதம். மற்ற நாளெல்லாம் எரியும். எரிந்தால் உள்ளே வா என்று அர்த்தம், அணைந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். அணைந்த வீட்டுக்குள் நம் ஊரில் யாராவது போயிருக்கிறார்களா? நீ போயிருக்கிறாயா? யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, அதனால்தான் யாருக்கும் உறைக்கவில்லை. பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வந்தவளுக்குத் தெரிகிறது.

ஊர் முழுக்க ஒரே ராத்திரியில் "வராதே" என்று போட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு கெட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். லாக்லனும் உன் வாசல் இருட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு, உப்புக்கு இவ்வளவு கோபமா என்று உட்கார்ந்திருப்பான்.

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நீ வந்திருப்பாய். சொல்லிவிட்டேன். போய் மணியை அடித்து மன்றத்தைக் கூட்டு.

இஷ்பெல்


கிரானசே
டிசம்பர் 10

என் அருமை அக்காவுக்கு,

நலம், நலம், ரொம்ப நலம். உன் முழங்காலுக்கு ஒரு முத்தம்.

உன் கடிதத்தை மன்றத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். படித்து முடித்ததும் பெய்கி, "ஐயையோ, நான் ஒரு மாசமா உன்ன கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேனே"ன்னாள். எதிரே போதகர், "நான் சபையே என் பிரசங்கம் பிடிக்காம ஒதுங்கிடுச்சுன்னு நெனச்சு, அது நீளத்தக் கொறச்சுட்டேன்" என்றார். "அது அப்படியே இருக்கட்டும் ஐயா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு சிரிப்பு அடங்க நேரமாகிவிட்டது.

இருட்டுக்குப் பழகிவிட்டோம், தொப்பி போட்ட விளக்கைக்கூட மறுபடி ஏற்ற ஒருவருக்கும் மனமில்லை. சரி, விளக்கில்லாமல் "வா" என்று எப்படிச் சொல்வது? அதற்கு லாக்லன்தான் வழி சொன்னார். நண்டுக்கூடைக்கு மீன் இரை வாங்கும் வெள்ளை வாளிகள் அவரிடம் மலைபோல் கிடக்கின்றன. வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். ஆள் வரலாம் என்றால் வாசல் தூணின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும், தூணுக்குத் தொப்பி போட்ட மாதிரி. வேண்டாம் என்றால் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். நட்சத்திர வெளிச்சத்தில் வெள்ளை நன்றாகத் தெரிகிறது. மேகம் மூடியிருந்தாலும் கவலையில்லை. எவ்வளவு கழுவியும் இரை வாசம் போகவில்லை, மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நேற்று என் அடுப்படியில் எட்டுப் பேர். நாற்காலி போதவில்லை. ரொட்டியில் கோழிக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

உன் கடிதத்தில் நவம்பர் இருபது என்று போட்டிருக்கிறது. உறையில் தபால் முத்திரை டிசம்பர் இரண்டு. நான் எதுவும் கேட்கவில்லை அக்கா. அனுப்பினாயே, அது போதும்.

உன்,
மோர்னா


கிளாஸ்கோ
ஜனவரி 5

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு உனக்கும் ஊருக்கும் நல்லபடியாக இருக்கட்டும். எனக்குச் சளி, வேறொன்றும் இல்லை.

மாநகராட்சியிலிருந்து ஒரு பையன் ஏணியோடு வந்தான். என் ஆறு கடிதங்களையும் படித்தானாம். "மேடம், மூடி போட்டுடறேன், இதோட விட்டுடுங்க"ன்னான். போட்டுவிட்டான். குருவி இப்போது விடிந்துதான் பாடுகிறது. அதுவும் தூங்கப் போய்விட்டதால் ராத்திரி வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

திரையைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். காலம் கடந்துவிட்டதாம்.

உன் லாக்லனுக்கு என் வாழ்த்து. உன் என்று எழுதியது கை தவறி.

இஷ்பெல்


கிரானசே
பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டதா? வெங்காயத்தை வேகவைத்துச் சாப்பிடு. நானும் நலம், இங்கே எல்லாரும் நலம்.

சங்கத்து அம்மாள் வந்துவிட்டுப் போனார். திருமதி ஹார்கிரீவ். ஒல்லியான உருவம், கழுத்தில் வெளிச்சத்தை அளக்கும் கருவி. வந்த அன்று ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "நான் எத்தனையோ ஊர் பார்த்துட்டேன். வாசல் தூண் விளக்கைக்கூட வாளி போட்டு மூடின ஊரை இங்கதான் பாக்குறேன்" என்று நெகிழ்ந்துபோனார். லாக்லன் கொஞ்சமும் சிரிக்காமல், "ஆமாம்மா, ஒரு பொட்டு வெளிச்சம் வெளிய போகாது" என்றார். நான் அவர் காலை மிதித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லி வாங்கிய சான்றிதழில் படகு வந்தால் மூழ்கிவிடும்.

திருமதி ஹார்கிரீவ் தூணிலிருந்த வாளியைத் தூக்கி உள்ளே பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். "அப்போ வாளி இருக்கிற வீட்டுக்குள்ள நான் போகலாமா?" என்று கேட்டார்.

மேகம் விலகவே இல்லை. நாளுக்கு நாள் அவர் தங்கலை நீட்டினார், நாளுக்கு நாள் வாளி வாளியாக ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் சூப், எல்லா வீட்டிலும் ரொட்டி. கடைசியில் அவருக்குக் கோட்டுப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. கிளம்பும் முந்தின நாள் காற்று திரும்பியது, வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. வடக்கே பச்சைத் துருவ ஒளிகூட கொஞ்சம் ஆடிக் காட்டியது. ஊரே குன்றின்மேல் நின்றோம். அவர் அளந்தார், எழுதினார், நோட்டை மூடினார். முடிவு தபாலில் வருமாம்.

திரும்பும்போது பாதை வழுக்கியது. நான் விழவில்லை.

மோர்னா


கிரானசே
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதி ஒரு மாதமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சளியா, கோபமா? இரண்டில் எதுவானாலும் எழுது.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. மன்றத்தில் மாட்டியிருக்கிறோம், கொஞ்சம் கோணலாக. இப்போதே அடுத்த குளிர்காலத்துக்கு மூன்று குடும்பங்கள் அறை கேட்டு எழுதியிருக்கின்றன. படகுக் கம்பெனியும் எழுதிவிட்டது. வாரம் மூன்று படகு தொடரும்.

அதனால் நான் வரவில்லை அக்கா. உன் வெளிர் மஞ்சள் அறை காலியாகத்தான் இருக்கும். உன்னை ஏமாற்றிவிட்டேனோ என்று படகு வரும் நாளெல்லாம் துறைக்குப் போய் தபால் மூட்டையைப் பார்க்கிறேன்.

நீ வா. ஏப்ரல் கடைசி சனிக்கிழமை இங்கே இருக்கிற மாதிரி வா. போதகர் அன்று மதியம் நேரம் கொடுத்திருக்கிறார். எதற்கு என்று எழுத மாட்டேன். உனக்கு அது செப்டம்பரிலேயே தெரியும்.

லாக்லன் விளக்கை மாட்டியது நான் விழுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டாயே, பதில்: பின்பு. மறுநாளே.

இருட்டில் வந்தாலும் வீடு கண்டுபிடிப்பது சுலபம். லாக்லன் வீட்டுத் தூணில் பிப்ரவரியிலிருந்து வாளி கிடையாது. யாரோடு கோபம் என்று ஊரில் விசாரிக்கிறார்கள். சாயங்காலம் அவர் அங்கே இருப்பதில்லை, அவ்வளவுதான். நம் வீட்டுத் தூணில் இரண்டு வாளி ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்திருக்கும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மோர்னா


கிளாஸ்கோ
ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

சளியும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு மாதமாக அந்த மஞ்சள் அறையில் உனக்குப் போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நான் உனக்காகத்தான் அறை தயார் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எனக்குத்தான் ஆள் வேண்டியிருந்திருக்கிறது. இந்தக் கட்டடத்தில் ஆறு வீடு, ஆறுக்கும் படிக்கட்டு விளக்கு விடிய விடிய எரிகிறது. ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை.

அந்தக் கடைசி சனிக்கிழமைக்கு வருகிறேன். லாக்லனிடம் சூப்பில் உப்பைக் குறைக்கச் சொல். தடித்த திரையைக் கொண்டுவருகிறேன், மேசைக்கு விரிக்க ஆகும்.

வரும் வழியில் எடை கூடும் என்று தெரிந்தும் நேற்று கடையில் இன்னொன்று வாங்கிவிட்டேன். வெள்ளை வாளி. மீன் வாசம் இல்லை, அது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

லாக்லன் வீடும் அதன் தூணும் சும்மாதானே நிற்கின்றன?

உன் அக்கா,
இஷ்பெல்